மழை ஊரில் அளந்து குடிக்கும் தண்ணீர்

“ஞாயிற்றுக்கிழமை தைப்பிங் போகிறேன்” என்று சொன்னதும் நிலையத்தில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “குடை எடுத்துக்கோ.”

சொல்லாமல் என்ன செய்வார்கள்? ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அது. இன்றைக்கு மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் காப்பிக் கடைகளில் பந்தயம் கட்டுவார்களாம். வரும் என்று கட்டியவர்களே பெரும்பாலும் வென்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில், கூரையில்லாத ஏரிக்கரையில், நிதி திரட்டும் நாள் ஒன்றை நடத்துகிறார்கள். ஏழை நோயாளிகளுக்காகச் சிறுநீரகச் சுத்திகரிப்பு மையம் நடத்தும் உள்ளூர் அறநிலையம் ஒன்று, காலையில் நடைப்பயணமும் அதன் பிறகு உணவுச் சந்தையும் ஏற்பாடு செய்திருந்தது. தமிழில் அறிவிப்புச் செய்ய ஒருவர் வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் அக்கா தொலைபேசியில் கேட்டார். வானொலியில் தினமும் பேசுகிற வாய்தானே, இதிலென்ன சிரமம் என்று ஒப்புக்கொண்டேன்.

சிரமம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஈயக் குட்டையில் பிறந்த பூங்கா

சனிக்கிழமை மாலை கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினேன். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம். தைப்பிங்கிற்கு ரயிலில் போய் இறங்குவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் இந்த ஊரிலிருந்துதான் போர்ட் வெல்ட் வரைக்கும் போடப்பட்டது. இன்றைய கோலா செபத்தாங்தான் அன்றைய போர்ட் வெல்ட். பாதை போட்டவர்களில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். போர்ட் வெல்ட் நிலையத்தின் பழைய பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கிறது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஏரிப் பூங்காவுக்குப் போய்விட்டேன். புக்கிட் லாருட் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. ஏரியின் மேல் மெல்லிய பனிமூட்டம். கரையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சாலையின் இந்தப் பக்கம் வேரூன்றி, சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி, அந்தப் பக்கத்து ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். நூறு வயதைத் தாண்டிய மரங்கள். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கோயில் மண்டபத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. கிளைகளின் மேல் பறவைக்கூட்டுப் பெரணிகள் பச்சைக் கூடைகளாக ஒட்டிக்கொண்டிருந்தன.

இத்தனை அழகும் ஒரு காலத்தில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம். மண்ணைத் தோண்டி ஈயத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சிய குட்டைகளைத்தான் 1880இல் பூங்காவாக்கத் தொடங்கினார்கள். தைப்பிங் என்றால் சீனத்தில் ‘நிலையான அமைதி’ என்று பொருள். ஈயத்துக்காக நடந்த லாருட் சண்டைகள் 1874இல் ஓய்ந்த பிறகு வந்த பெயர். சண்டை போட்ட இடம் உலாப் போகும் இடமாகிவிட்டது. அந்தக் காலை, அதே இடத்தில், மூன்று இன மக்களும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கூப்பன் கணக்கு

“ஏன் ஞாயிற்றுக்கிழமை? சனிக்கிழமை என்றால் இன்னும் கூட்டம் வருமே” என்று அக்காவிடம் கேட்டேன்.

“மிஷினுக்கு இன்னிக்குத்தாம்மா லீவு” என்றார்.

நோயாளிகளில் பாதிப் பேருக்குத் திங்கள், புதன், வெள்ளி. மீதிப் பேருக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வரக்கூடிய நாள் ஞாயிறு மட்டும்தான். விழா நாளை முடிவு செய்தது விருந்தினர்களின் நாட்குறிப்பு அல்ல, இயந்திரங்களின் அட்டவணை.

நடைப்பயணம் ஏரியைச் சுற்றி ஒரு வட்டம். முதல் வரிசையில் நோயாளிகள், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். வேகமாக நடப்பவர்கள்கூட அன்று அவர்களை முந்தவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாக அப்படி அமைந்தது. பள்ளிச் சீருடை இயக்க மாணவர்கள் வளைவுகளில் நின்று வழிகாட்டினார்கள். ஒரு சீனப் பெரியவர் தம் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். முடிவுக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் அந்த அம்மா எழுந்து நின்று, மீதித் தூரத்தை நடந்தே வந்தார். கைதட்டலில் என் அறிவிப்பு யாருக்கும் கேட்டிருக்காது.

ஒன்பது மணிக்கு உணவுச் சந்தை திறந்தது. இப்படிப்பட்ட சந்தைகளுக்கு நாம் எல்லாரும் போயிருக்கிறோம், கூப்பன் கிழித்துச் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் அதன் கணக்கு எனக்கு அன்றுதான் புரிந்தது. பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளிக் கூப்பன் புத்தகங்களைப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே கோயிலிலும், பள்ளியிலும், அலுவலகத்திலும், தாமான் தாமானாகவும் விற்றுவிடுகிறார்கள். ஆக, நிதியின் பெரும்பகுதி அந்த நாள் விடிவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது. கடை போடுபவர்கள் பொருளையும் உழைப்பையும் இலவசமாகத் தருகிறார்கள்.

“அப்படியென்றால் மழை பெய்தாலும் நஷ்டமில்லையே?” என்றேன்.

அக்கா சிரித்தார். “இந்த வருசம் நஷ்டமில்லை. ஆனா, சமைச்சுக் கொண்டாந்தவங்க சாமான் வீணாப் போச்சுன்னா அடுத்த வருசம் எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?”

மலாய் மாக்சிக் ஒருவரின் நாசி லெமாக், மீன் உருண்டை போட்ட சார் குவே தியாவ், நம்மவர்களின் வடை, தோசை, மீகூன், பானை நிறையச் செண்டோல், ரோஸ் சிராப். ஹலால் கடைகள் ஒரு பக்கம், சைவக் கடைகள் ஒரு பக்கம், மற்றவை சற்றுத் தள்ளி. பத்து மணிக்கெல்லாம் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது.

என் வாய் செய்த தவறு

மேடையில் நின்றுகொண்டிருந்த எனக்கும் வியர்த்துக் கொட்டியது. ஒலிவாங்கி கையில் இருந்தது. வெயில் நேரத்தில் நாங்கள் வானொலியில் சொல்கிற வாக்கியம் தானாக வந்து விழுந்தது: “வெயில் அதிகமா இருக்கு மக்களே, மறக்காம நிறையத் தண்ணி குடிங்க!”

முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்து சிரித்தார்கள். அதில் ஓர் அண்ணன், ஐம்பது வயதிருக்கும், குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டு போகும் அளவிலான சின்னப் புட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பாதிதான் தண்ணீர் இருந்தது.

எனக்கு முகம் சூடேறிவிட்டது. அடுத்த பாடலைப் போடச் சொல்லிவிட்டு இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அட, அதுக்கெதுக்கும்மா மன்னிப்பு?” என்றார் அவர். “எங்களுக்குப் பழகிப் போச்சு. திங்கள், புதன், வெள்ளி காலையில எங்க சென்டர்ல உங்க ரேடியோதான் ஓடும். நாலு மணி நேரம் படுத்தே கெடக்கணும், வேற என்ன செய்ய? நீங்க ‘நிறையத் தண்ணி குடிங்க’ன்னு சொல்றப்பல்லாம் எங்க வார்டே சிரிக்கும். நர்ஸ்கூட உங்க மாதிரியே பேசிக் காட்டுவாங்க.”

எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! யாருடைய காதில் விழுகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அவர் லாரி ஓட்டியவர். நாள் கூலிக்கு ஓட்டியதால் சொக்சோ பிடித்தம் எதுவும் இருந்ததில்லை. சொக்சோ சந்தா கட்டியவர்களுக்குச் சுத்திகரிப்புச் செலவுக்கு வழி உண்டு. அரசு ஓய்வூதியக்காரர்களுக்கும் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளில் இடம் கிடைத்தால் நல்லது, ஆனால் இருக்கும் இடங்கள் போதவில்லை. எந்தக் கட்டத்துக்குள்ளும் வராமல் இடையில் விழுந்துவிடுகிற இவரைப் போன்றவர்களைத் தாங்கிப் பிடிப்பது இந்த மாதிரி அறநிலையங்கள்தான். நாம் கிழித்துக் கொடுக்கிற கூப்பன் அங்கேதான் போய்ச் சேர்கிறது. அதுவும் ஒரு தடவை கொடுத்து முடிந்துபோகிற செலவு அல்ல. வாரம் மூன்று, மாதம் பன்னிரண்டு பதின்மூன்று முறை, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவரை வாழ்நாள் முழுக்க.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் அண்ணே?”

“எனக்கு அரை லிட்டர்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒவ்வொருத்தருக்கும் கணக்கு மாறும். டீ, காப்பி, ரசம், ஐஸ்கட்டி எல்லாம் அதுல சேர்த்தி. தொண்டை காஞ்சா ஒரு ஐஸ்கட்டிய வாயில வச்சு உறிஞ்சிக்குவேன். பொய் சொல்லவும் முடியாது. உள்ள போனதும் தராசுல ஏத்திடுவாங்க. ரெண்டு கிலோ ஏறியிருந்தா ரெண்டு லிட்டர் உள்ள தங்கியிருக்குன்னு அர்த்தம்.”

சிறுநீரகம் நின்றுவிட்டால் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. காலில் தேங்கும், நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும், இதயத்தை அழுத்தும். அதனால்தான் இத்தனை கட்டுப்பாடு. இளநீரும் வாழைப்பழமும் நமக்கு நல்லவை. இவர்களுக்கு அவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். ஸ்டார் பழம் நேரடியாக விஷம்.

சட்டைக் கையை மேலேற்றி இடது முன்கையைக் காட்டினார். கயிறு முறுக்கிவிட்டதுபோல் ரத்தக்குழாய் புடைத்திருந்தது. தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை சிகிச்சையில் செய்த ஏற்பாடு. ஊசி இரண்டும் அதில்தான் ஏறும். “தொட்டுப் பாரும்மா” என்றார். தொட்டேன். உள்ளே விடாமல் ஓர் அதிர்வு. ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் கை வைத்தால் வருமே, அதே உறுமல்.

“தினமும் காலையில எந்திரிச்சதும் இதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். ஓடுதுன்னா இன்னிக்கு நாம ஓடுறோம்.”

அருகிலிருந்த மையத்துத் தாதி இன்னொன்று சொன்னார். இயந்திரத்துக்குள் ஒரு நோயாளியின் ரத்தத்தைக் கழுவ நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில் திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள், 120 லிட்டர். குழாய்த் தண்ணீரை அப்படியே விட முடியாது. பல கட்டமாக வடிகட்டிச் சுத்தமாக்கிய பிறகுதான் விடலாம். அந்த வடிகட்டிகளை மாற்றுவதற்கும் நன்கொடைதான்.

அரை லிட்டர் குடிக்க ஆசைப்பட்டு அளந்து அளந்து குடிப்பவருக்காக 120 லிட்டர் ஓடுகிறது. அதில் ஒரு வாய்கூட அவர் குடிக்க முடியாது. மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன ஊரில் நின்று இதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பேசுவதுதான் என் தொழில்.

நீண்ட வரிசையும் குட்டை வரிசையும்

மேடைக்குத் திரும்பும் வழியில் இரண்டு வரிசைகளைப் பார்த்தேன்.

ஒன்று செண்டோல் கடையில். இருபது பேர் இருப்பார்கள். சர்க்கரைப் பாகு வழிய வழிய ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, அதற்கு நான்கு கடை தள்ளியிருந்த இலவசப் பரிசோதனை மேசை. ரத்தத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், மூன்றும் பார்ப்பார்கள். அங்கே இரண்டு பேர்.

இந்நாட்டில் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் சிறுநீரகச் சுத்திகரிப்பில் இருக்கிறார்கள். புதிதாக வந்து சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் நீரிழிவு. அந்த நீரிழிவு விகிதம் அதிகமாக இருப்பது நம் இந்தியச் சமூகத்தில். இதை ஒவ்வொரு சுகாதாரக் கணக்கெடுப்பிலும் படிக்கிறோம், ‘ஐயோ’ என்கிறோம், அப்புறம் இன்னொரு லட்டு எடுத்துக்கொள்கிறோம். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலி தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முன்கூட்டியே சொல்லக்கூடியது அந்த மேசையில் இருக்கிற சின்னச் சோதனைதான்.

சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்ட இனிப்புத் தண்ணீர் விற்கிறோமே, இது சரியா? அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நாங்களும் பேசிப் பார்த்தோம்மா. ‘சீனி இல்லாத சந்தை’ன்னு போட்டா எத்தனை பேரு கூப்பன் வாங்குவாங்கன்னு சொல்லு. அடுத்த திங்கட்கிழமை நாப்பது பேரு ஊசிக்குக் கைய நீட்டிக்கிட்டு வருவாங்க. அவங்களுக்குக் காசு வேணும். அதான், செண்டோலையும் வச்சோம், அந்த மேசையையும் வச்சோம். அங்க ஆள் அனுப்புறதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

இப்போது புரிந்தது என் வேலை என்னவென்று. மேடையேறினேன். யாரிடமும் போகச் சொல்வதற்கு முன் நான் போயிருக்க வேண்டுமே என்று தோன்றியது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். கம்பியில்லா ஒலிவாங்கியோடு இறங்கி அந்த மேசைக்கே போனேன். “மக்களே, நான் இப்போ விரல நீட்டப் போறேன். எனக்கு ஊசின்னா பயம். துணைக்கு யாராவது வாங்க” என்றேன்.

முதலில் சிறுவர்கள்தான் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். கடைசியாக, செண்டோல் கிண்ணத்தோடு அப்பாக்கள். தாதி அவர்களுடைய கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இதைச் சாப்பிட்டு முடிச்சிட்டு வராதீங்க, இப்பவே விரல நீட்டுங்க” என்றார். வரிசை செண்டோல் கடை வரைக்கும் நீண்டது.

என் அளவு? “எல்லையில நிக்குதுங்க. கிளினிக்குக்குப் போயி வெறும் வயித்துல ஒரு தடவை பாத்திடுங்க” என்றார் தாதி. இதை மட்டும் நான் ஒலிவாங்கியில் சொல்லவில்லை.

இலை மூடியது

பன்னிரண்டரை மணியிருக்கும். வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். “இலை மூடுது, சீக்கிரம் கூப்பன முடிச்சிடுங்க” என்று குரல் கொடுத்தார்.

தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியுமல்லவா? மாலையானால் இலைகளை மடித்துத் தூங்கிவிடும். அதனால் மலாய்க்காரர்கள் ‘பூக்குல் லீமா’ என்பார்கள், அதாவது ஐந்து மணி மரம். கருமேகம் சூழ்ந்து வெளிச்சம் குறைந்தாலும் அப்படியே மடித்துக்கொள்ளும். புக்கிட் லாருட் முழுசாக மறைந்துவிட்டிருந்தது.

அடுத்த பத்து நிமிடத்தில் நடந்தது, பல வருடப் பழக்கம். மாணவர்கள் ஒலிபெருக்கிகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார்கள். நாசி லெமாக் மாக்சிக்கின் அண்டாவை இரண்டு சீன இளைஞர்கள் தூக்கி நடுக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூப்பன் மீதமிருந்தவர்கள் என்ன கிடைத்ததோ அதைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார்கள். நோயாளிகளின் நாற்காலிகளைக் கூடாரத்தின் நடுவில் போட்டுச் சுற்றி மற்றவர்கள் நின்றுகொண்டார்கள்.

பிறகு மழை. தைப்பிங் மழையைத் தூறல் என்று தொடங்கிச் சொல்ல முடியாது, எடுத்ததுமே கொட்டும். ஏரியும் வானமும் ஒன்றாகிவிட்டன. கூடாரத்தின் ஓரத்தில் தண்ணீர் அருவி மாதிரி விழுந்தது. பேசினால் கேட்காது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, போகவும் முடியாது. முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்து நின்று ஒரே தட்டில் வடை சாப்பிட்டார்கள்.

லாரி அண்ணன் நாற்காலியை ஓரத்துக்கு நகர்த்தி, ஊசி போடாத வலது கையை மழைக்குள் நீட்டினார். உள்ளங்கை நிரம்பி வழிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, அந்த ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பார்ப்பதைக் கவனித்து, “இது கணக்குல வராதும்மா” என்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மழை விட்டது. மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கடைகளில் வீணாய்ப் போனது எதுவும் இல்லை என்று அக்கா நிம்மதியாகச் சொன்னார்.

தைப்பிங் போகிறவர்கள் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்தையும், ஏரிப் பூங்காவை ஒட்டியிருக்கும் விலங்ககத்தையும், கோலா செபத்தாங்கின் சதுப்புநிலக் காட்டையும் பாருங்கள். ஏரிக்கரைக்கு விடியற்காலையில் போங்கள். எந்த ஊரானாலும் சரி, இப்படியொரு கூப்பன் புத்தகத்தோடு யாராவது உங்கள் கதவைத் தட்டினால் இரண்டு புத்தகம் வாங்குங்கள். அந்த நாளில் நேரிலும் போங்கள். சாப்பிடுவதற்கு முன்னால் அந்தக் குட்டை வரிசை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

திங்கட்கிழமை காலை மீண்டும் ஒலிபரப்பறை. பதினொரு மணி, கே.எல்.-இல் கொளுத்தும் வெயில். “வெளிய போறவங்க நிறைய...” என்று தொடங்கியவள் அரை நொடி நின்றுவிட்டேன். பிறகு, “வெளிய போறவங்க குடை எடுத்துக்குங்க. போற வழியில ஒரு கிளினிக் இருந்தா, ஒரே ஒரு தடவை சர்க்கரை பாத்துக்கிட்டுப் போங்க. நானும் இன்னிக்குச் சாயங்காலம் முன்பதிவு பண்ணியிருக்கேன்” என்று சொல்லிப் பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிவதற்குள் அக்காவின் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் இயந்திரத்தின் பீப் சத்தம்.

“கேட்டோம்மா. எல்லாரும் கேட்டோம். நர்ஸுக்குத்தான் வருத்தம், இனிமே எதை வச்சு உங்க மாதிரி பேசிக் காட்டுறதுன்னு!”